பாட்டைக் கேட்காமலே தடுக்கும் பொத்தான்

கட்டணம் செலுத்திப் பாட்டுக் கேட்கும் செயலிகளில் குடும்பச் சந்தா எடுத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளையின் கணக்குக்குள் போய் ஒரு பொத்தானை அணைத்துவிட்டால், பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து போட்டிருக்கும் பாடல்கள் எதுவும் அந்தக் கணக்கில் ஒலிக்காது. பட்டியலில் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும், தொட்டால் அசையாது. கெட்ட வார்த்தை, பாலுறவு, வன்முறை, போதை ஆகியவற்றில் ஏதோ ஒன்று அந்தப் பாட்டில் வெளிப்படையாக இருக்கிறது என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. எது இருக்கிறது என்று மட்டும் எங்கேயும் சொல்லப்படுவதில்லை. இந்த மதிப்புரை முழுவதும் அந்த ஒரே பொத்தானைப் பற்றியது. இரண்டு செயலிகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டிலும் நிறையும் குறையும் ஒன்றாகவே இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் கீபோர்டும் கற்றுத்தருகிறவள். வீட்டில் 14 வயதில் மகள், 9 வயதில் மகன். இருவரும் நாள் முழுவதும் பாட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதையெல்லாம் கூடவே உட்கார்ந்து கேட்க எனக்கு நேரம் கிடையாது. ஆகவே இந்தப் பொத்தான் எனக்கு விளையாட்டுப் பொருள் அல்ல, தேவை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். மகன் விஷயத்தில் இது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அவன் வயதுக் குழந்தை எந்தப் பாட்டையும் தேடிப் போவதில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் செயலியே அடுத்ததைப் போட்டுக்கொண்டே போகும்; அதில் எது வந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பான். கார்ட்டூன் பாட்டில் தொடங்கிய வரிசை நாலாவது, ஐந்தாவது பாட்டில் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொத்தானை அணைப்பதற்கு முன் ஒருநாள், ஒரு பெண்ணின் உடலைப் பற்றி மிகவும் கொடூரமாகப் பேசும் ராப் பாட்டு அவன் அறையிலிருந்து கேட்டது. அவனுக்குப் பொருள் புரியவில்லை, தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அன்றே அணைத்தேன். அதன் பிறகு அப்படி ஒன்று அவன் கணக்கில் வரவில்லை. கேட்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை தேவை என்பதில் எனக்கு எந்த ஐயமும் கிடையாது. 'கலைஞனின் சுதந்திரம்' என்று சொல்லி 9 வயதுக் குழந்தையின் காதில் எதையும் ஊற்றலாம் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மகள் விஷயத்தில்தான் இந்த வசதி குப்புற விழுந்தது. பள்ளியில் அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள்: சமூகத்தைக் கொதிக்க வைத்த பாடகர்களைப் பற்றி எழுத வேண்டும், பாடல்களைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். அவள் ஒரு பட்டியல் தயாரித்தாள். நல்ல பட்டியல். நானே போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதைத்தான் போட்டிருப்பேன். அதில் பாதிக்கு மேல் சாம்பல் நிறம்.

எவையெல்லாம் தடுக்கப்பட்டன என்று பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அமெரிக்கக் காவல்துறை கறுப்பின இளைஞர்களை நடத்தும் விதத்தை எதிர்த்து என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு 1988இல் வெளியிட்ட பாட்டு ஒன்று. வசைச்சொற்கள் நிறைந்த பாட்டுதான். 1989இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் அவர்களின் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதும் அளவுக்கு அது சூடு கிளப்பியது. அந்தக் கடிதத்தைப் பற்றி என் மகள் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் படிக்கலாம், கடிதத்துக்குக் காரணமான பாட்டை மட்டும் கேட்க முடியாது. அடுத்தது, ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 2017ஆம் ஆண்டு ஆல்பம். 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே ஒரு படைப்பு அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அதுவும் சாம்பல்.

அதே பட்டியலில் எந்தத் தடையும் இல்லாமல் ஒலித்த பாட்டு, ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939இல் பாடிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரங்களில் தொங்கவிட்டதைப் பற்றிய பாட்டு. ஏபெல் மீரோபோல் என்ற நியூயார்க் ஆசிரியர் எழுதிய கவிதை அது. ஹாலிடேயோடு ஒப்பந்தம் வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் பதிவு செய்ய மறுத்ததால், கமடோர் என்ற சிறிய நிறுவனத்தில் போய்ப் பாடினார். நான் அறிந்த பாடல்களில் இதைவிடக் கொடுமையான காட்சி வேறு எதிலும் இல்லை. எரியும் சதையின் நாற்றம் வரை அதில் இருக்கிறது. ஆனால் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆகவே 'ஈ' கிடையாது. என் மகள் அதைக் கேட்க முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அவள் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, இதைக் கேட்டால் இரவு தூக்கம் வராது. இதற்கு ஒன்றும் சொல்லாத செயலி, பரிசு வாங்கிய ஆல்பத்தைத் தடுக்கிறதே, யார் இதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டாள்.

உண்மையில் செயலியில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்வதில்லை. பாட்டைச் செயலிக்குக் கொடுக்கும் இசை நிறுவனமோ, விநியோகம் செய்பவரோ, சில நேரங்களில் பாடகரோதான் அந்தக் குறியை இட்டு அனுப்புகிறார்கள். செயலி அதை அப்படியே காட்டுகிறது. ஒருவர் ஒரே ஒரு வசைச்சொல்லுக்காகக் குறி இடுவார். இன்னொருவர் பாட்டு முழுக்கக் கத்திக்குத்து இருந்தாலும் இடமாட்டார். ஆங்கிலப் பாடல்களிலாவது இதற்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மற்ற மொழிகளில் நிலைமை இன்னும் மோசம். என் தாய்மொழிப் பாடல்களில் பெண்ணைத் துரத்துவதையும் மிரட்டுவதையும் காதல் என்று கொண்டாடும் வரிகள் எத்தனையோ உண்டு. இரட்டை அர்த்தத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் தேடிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை எந்தக் குறியும் இன்றிக் கிடக்கின்றன. பொத்தானை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் குறி எங்கிருந்து வந்தது என்ற கதையை மகளோடு சேர்ந்து நானும் படித்தேன். படித்த பிறகு இந்தப் பொத்தானின் குறை எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற பெண் தன் 11 வயது மகளுக்குப் பாடகர் பிரின்ஸின் ஆல்பம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் ஒரு பாட்டு சுய இன்பத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு அதிர்ந்துபோனார். அவர் கணவர் ஆல் கோர் அப்போது அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் உறுப்பினர். வாஷிங்டனின் செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்து 1985இல் பெற்றோருக்கான இசை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார் டிப்பர். இந்தப் பெண்களைக் கேலி செய்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான் கேலி செய்யமாட்டேன். என் மகனின் அறை வாசலில் நின்று நான் கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றுதான். குழந்தை கையில் கொடுக்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு தாய்க்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆனால் அவர்கள் தயாரித்த, 15 பாடல்கள் கொண்ட கறுப்புப் பட்டியலைப் பாருங்கள். பிரின்ஸ், மடோனா, சிண்டி லாப்பர், ஏசி/டிசி, பிளாக் சப்பாத் என்று நீளும் அந்தப் பட்டியலில், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத பாடல்கள் பல. பெரியவர்களின் அதட்டலுக்குப் பணியமாட்டோம் என்று இளைஞர்கள் கூடிக் கத்தும் ட்விஸ்டட் சிஸ்டர் என்ற ராக் குழுவின் பாட்டு வன்முறை என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருந்தது. 1985 செப்டம்பர் 19 அன்று செனட் குழு விசாரணை நடத்தியது. சாட்சி சொல்ல வந்த மூன்று இசைக்கலைஞர்களும் ஒருவருக்கொருவர் சற்றும் தொடர்பில்லாதவர்கள்: எதையும் துணிந்து பேசும் ஃபிராங்க் ஜாப்பா, முகத்தில் சாயம் பூசி மேடையேறும் ட்விஸ்டட் சிஸ்டரின் டீ ஸ்னைடர், மலைகளையும் நாட்டுப்புறச் சாலைகளையும் பாடிய ஜான் டென்வர்.

டீ ஸ்னைடரின் சாட்சியத்தை என் மகள் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னாள். அவருடைய இன்னொரு பாட்டு, பெண்ணைக் கட்டிப்போட்டுத் துன்புறுத்துவதைப் பற்றியது என்று டிப்பர் கோர் எழுதியிருந்தார். ஸ்னைடர் நிதானமாக விளக்கினார்: குழுவின் கிதார் கலைஞருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடக்க இருந்தது, மயக்க மருந்தும் கத்தியும் தரும் பயத்தைத்தான் எழுதினேன். தேடுகிறவர் எதைத் தேடினாலும் அது கிடைத்துவிடும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஜான் டென்வர் தந்தது இன்னும் நல்ல சாட்சியம். கலைஞர்களுக்கு எதிராகப் பேசுவார் என்று அவர் மேல் பலர் நம்பிக்கை வைத்திருந்தார்கள். அவரோ, ராக்கி மலைகளில் கண்ட பரவசத்தைப் பாடிய தன் பாட்டை, போதைப்பொருளைப் பற்றியது என்று தவறாக நினைத்து வானொலி நிலையங்கள் பல தடை செய்த கதையைச் சொல்லி, எந்தத் தணிக்கையும் வேண்டாம் என்றார். பொடுகுக்குத் தலையை வெட்டி வைத்தியம் பார்ப்பதற்குச் சமம் இந்த யோசனை என்று ஜாப்பா சொன்னது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த விசாரணைக் கதையில் என்னை நிறுத்திய செய்தி வேறு. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது ஒரே ஒரு எழுத்தை அல்ல. பாலுறவு அல்லது ஆபாசச் சொற்களுக்கு ஒரு குறி, வன்முறைக்கு ஒன்று, போதைக்கும் மதுவுக்கும் ஒன்று, மாந்திரீகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்டார்கள். கடைசிக் குறி எனக்கு ஒப்பில்லாதது. பிசாசைப் பற்றிப் பாடுவதற்கு எச்சரிக்கை எதற்கு? ஆனாலும் அந்த முறையில் 'ஏன்' என்ற கேள்விக்குப் பாதிப் பதிலாவது இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் அதே ஆண்டு நவம்பரில் ஒத்துக்கொண்டதோ, எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை என்பதை. 1990இல் அது கறுப்பு வெள்ளை முத்திரையாக எல்லா ஆல்பங்களுக்கும் ஒரே வடிவில் வந்தது. இன்று அதுவும் சுருங்கி ஒரு எழுத்தாக என் மகளின் திரையில் நிற்கிறது. 1985இல் கேட்கப்பட்டதைவிடக் குறைவான தகவலை இன்றைய செயலி எனக்குத் தருகிறது! ஒரு பாட்டின் ஒவ்வொரு வரியையும் பாடும் நொடியோடு பொருத்தித் திரையில் ஓடவிடத் தெரிந்தவர்களுக்கு, இந்தப் பாட்டில் வசைச்சொல் இருக்கிறது, இதில் கொலை இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதா?

எச்சரிக்கை எப்படித் தடையாக மாறியது என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. முத்திரை வந்ததும் வால்மார்ட் போன்ற பெரிய கடைகள் அது ஒட்டிய ஆல்பங்களை விற்க மறுத்தன. அந்தக் கடை மட்டுமே அருகில் இருந்தவர்களுக்கு அந்த ஆல்பங்கள் இல்லை என்றாகிவிட்டது. நிறுவனங்கள் கடைகளுக்காகவே சொற்களை நீக்கிய பதிப்புகளைத் தயாரித்தன. பெற்றோருக்குத் தகவல் தர வந்த குறி, வேறு யாரோ எடுக்கும் முடிவுக்குக் கருவியானது. என் செயலியின் பொத்தானும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. என்னிடம் எதையும் சொல்லாமல் தானே தடுத்துவிடுகிறது.

சொல் நீக்கிய அந்தப் பதிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆல்பங்களுக்கு அவை செயலியில் உண்டு. லமாரின் ஆல்பத்துக்கும் உண்டு. ஆனால் பொத்தானை அணைத்தால் அதுவாக வந்து நிற்காது. நாமே தேடிப் பிடிக்க வேண்டும். மகளும் நானும் தேடிப் பிடித்துக் கேட்டோம். இசை கற்றுத்தருகிறவளாகச் சொல்கிறேன், ராப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய கேடு செய்ய முடியாது. ராப்பில் வரியின் எடை முழுவதும் கடைசிச் சொல்லில் வந்து விழும். இயைபு அங்கே, தாளத்தின் அழுத்தமும் அங்கே. வசைச்சொல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறது, ஏனென்றால் கோபமும் அங்கேதான் முட்டுகிறது. அதை எடுத்துவிட்டால், இறங்கும்போது கடைசிப் படிக்கட்டு இல்லாமல் கால் வெற்றிடத்தில் விழுவதுபோல் இருக்கிறது. அதுவும் வரிக்கு வரி. சில இடங்களில் சொல்லைத் தலைகீழாகத் திருப்பி ஒலிக்க விடுகிறார்கள், சில இடங்களில் குரல் மட்டும் அமுங்குகிறது. கேட்பவருக்கு என்ன சொல் என்று தெரிந்துவிடுகிறது. என் மகள் எல்லா இடங்களையும் சரியாக நிரப்பிப் பாடினாள். பெண்ணை இழிவுபடுத்தும் ஒரு பாட்டில் வசைச்சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் இழிவு அப்படியே மிச்சம் இருக்கிறது; அதற்கு 'சுத்தமானது' என்ற நற்சான்றும் கிடைத்துவிடுகிறது. இந்தப் பதிப்புகளை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

'பிடிக்கவில்லை' என்பதும் 'தடுக்க வேண்டும்' என்பதும் வேறு என்று எனக்குப் புரியவைத்தது 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கு. அவர்களின் 1989ஆம் ஆண்டு ஆல்பத்தை ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 1990 ஜூனில் ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். இரண்டே நாளில், அதை விற்ற கடைக்காரர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பாடல்களை மேடையில் பாடியதற்காகக் குழுவினரும் கைதானார்கள். அவர்கள் மீதான வழக்கில் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் வந்து, கறுப்பின மக்களின் வாய்மொழி மரபில் மிகைப்பேச்சுக்கும் கேலிக்கும் இருக்கும் இடத்தை விளக்கினார். ஜூரிகள் விடுதலை செய்தார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசத் தீர்ப்பையும் ரத்து செய்தது. அந்த ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்களைப் பற்றி அது பேசும் விதம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது; என் வீட்டில் அதைப் போடமாட்டேன். மகளிடமும் அதையே சொன்னேன், காரணத்தோடு சொன்னேன். ஆனால் ஒரு இசைத்தட்டை விற்றதற்காக ஒரு மனிதனின் கையில் விலங்கு மாட்டியது அநியாயம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஒரு 14 வயதுப் பெண்ணால் புரிந்துகொள்ள முடியும். சாம்பல் நிறத்துக்கு இதில் எதுவுமே சொல்லத் தெரியாது.

பயத்தோடு கேட்கும் காது எதையெல்லாம் கேட்கும் என்பதற்கு மகள் கண்டுபிடித்த பழைய கதை ஒன்று உண்டு. 1963இல் கிங்ஸ்மென் என்ற அமெரிக்க ராக் குழு பாடிய 'லூயி லூயி'யில் ஒரு சொல்கூடத் தெளிவாக இருக்காது. அந்தக் குழப்பத்துக்குள் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று பெற்றோர் புகார் எழுத, எஃப்.பி.ஐ. அந்த இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுற்றவிட்டு ஆராய்ந்தது. எந்த வேகத்திலும் சொற்கள் புரியவில்லை என்று முடித்துக்கொண்டது.

சொல்லே இல்லாத சீற்றத்தின் முன் இந்த வசதி இன்னும் கையாலாகாதது. கட்டுரையில் என் மகள் அதிகப் பக்கம் ஒதுக்கியது அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானருக்கு. 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில், பக்கவாத்தியம் இல்லாமல் பாப் மார்லியின் போர் பற்றிய பாட்டைப் பாடினார். குழந்தைகள் மீதான வன்கொடுமை என்ற சொற்களை நடுவில் சேர்த்துப் பாடினார். முடித்ததும் போப்பாண்டவரின் படத்தைக் கேமராவுக்கு முன் காட்டிக் கிழித்துப் போட்டார். அடுத்த இரு வாரங்களுக்குள், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பாப் டிலன் பாராட்டு நிகழ்ச்சியில் கூட்டம் அவரைக் கத்திக் கூச்சலிட்டு எதிர்கொண்டது. அவர் மேடையில் அசையாமல் நின்று, அதே பாட்டை மறுபடி உரத்துச் சொன்னார். அயர்லாந்தில் திருச்சபை நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்தவற்றை அரசு விசாரணை அறிக்கைகள் 2009இல் விரிவாக வெளியிட்டன. அவர் 2023இல் இறந்தார். அந்தப் படத்தைக் கிழித்ததால் மனம் புண்பட்ட விசுவாசிகள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள், அவர்களின் வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. மகளும் நினைக்கவில்லை, தன் வகுப்புத் தோழி ஒருத்தி தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறாள் என்பதால் அவளிடம் கேட்டு, அவள் சொன்னதையும் கட்டுரையில் சேர்த்தாள். இந்தச் சம்பவத்தில் வடிகட்ட ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவருடைய பாடல்களைச் செயலி தடையில்லாமல் தருகிறது, அவர் ஏன் பத்தாண்டுகளுக்கு மேல் தூற்றப்பட்டார் என்பதற்கு எந்தக் குறிப்பும் தராமல்.

இன்னொரு குறையைப் பலர் கவனிப்பதில்லை. செயலியில் இருக்கும் பாட்டு நாளைக்கே வேறாக மாறியிருக்கலாம். 2022 ஜூனில் அமெரிக்கப் பாடகி லிஸோ தன் புதிய பாட்டில் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தும் ஒரு சொல் இருப்பதாக எழுந்த கண்டனத்தை ஏற்று, சில நாட்களிலேயே அந்த வரியை மாற்றிப் பாடி வெளியிட்டார். அதே சொல்லுக்காகப் பாடகி பியான்சேயும் ஆகஸ்டில் தன் பாட்டை மாற்றினார். இது எனக்குப் பிடித்த முடிவு. பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள், பாடியவர்கள் கேட்டார்கள். நீதிமன்றமும் கடையும் நடுவில் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் பக்கத்தில், இது திருத்தப்பட்டது என்று ஒரு வரிகூட என் செயலியில் இல்லை. சர்ச்சையைப் பற்றி எழுதும் மாணவிக்கு, சர்ச்சைக்குரிய வரி எங்கே போனது என்றே தெரியவில்லை. 1992இல் ராப் பாடகர் ஐஸ்-டி, காவலர் கொலையைப் பற்றிய தன் பாட்டை ஆல்பத்திலிருந்து நீக்கியபோது நாடு முழுக்க அது செய்தி. பழைய ஆல்பத்தை வைத்திருந்தவர்கள் கையில் அது அப்படியே இருந்தது. வாடகைக்குக் கேட்கும் காலத்தில் நம் கையில் எதுவும் மிச்சமில்லை.

இவற்றையெல்லாம் எழுதிச் செயலி நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். பொத்தானை எப்படி அணைப்பது, எப்படி இயக்குவது என்ற விளக்கப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துப் பதில் வந்தது. நான் கேட்டது அது இல்லை என்று மறுபடி எழுதினேன். குறிகளை இடுவது உரிமையாளர்கள் என்ற பதில் வந்தது. அது எனக்குத் தெரியும். குறியைப் பெற்று, அதைத் தடையாக மாற்றுவது யார் என்பதே என் கேள்வி. அதற்குப் பதில் இல்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. தடுக்கப்பட்ட பாட்டைத் தொட்டால் காரணம் தெரிய வேண்டும்: வசைச்சொல்லா, பாலுறவா, வன்முறையா, போதையா. காரணத்துக்கு ஏற்பத் தனித்தனியாகத் தடுக்கவோ விடவோ எனக்கு வழி வேண்டும். வசைச்சொல் என் மகளுக்குப் புதிதல்ல, பள்ளி மைதானத்தில் கேட்காததா? பெண் மீதான வன்முறையைத்தான் நான் கவனிக்க விரும்புகிறேன். இந்த ஒரு பாட்டை மட்டும் அனுமதி என்று பெற்றோர் சொல்லும் வசதியும் வேண்டும். இப்போது ஒன்றைத் திறக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் திறந்தாக வேண்டியிருக்கிறது. திருத்தப்பட்ட பாட்டுக்குத் திருத்தத்தின் தேதி போட வேண்டும்.

இவை வரும்வரை என் பரிந்துரை இதுதான். 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பொத்தானை அணைத்தே வையுங்கள். ஆனால் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதியையும் சேர்த்து அணையுங்கள், ஏனென்றால் குறி இடப்படாத பாடல்களை இது பிடிக்காது. ஆல்பத்தின் அட்டைப்படமும் பாட்டோடு ஓடும் துண்டுக் காணொளியும் இதற்குள் அடங்கா. அவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். 13 வயது தாண்டியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். 'ஈ' எழுத்து அப்போதும் பெயருக்குப் பக்கத்தில் தெரியும், அந்த எச்சரிக்கை போதும். வாரத்தில் ஒருநாள் அவர்கள் கேட்ட பட்டியலை அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். இரண்டு செயலிகளில் ஒன்றில், பிள்ளையின் கணக்கிலிருந்தே பொத்தானைத் திரும்ப இயக்கிவிட முடிகிறது. குடும்ப நிர்வாகியின் கணக்கில் கடவுச்சொல் வைத்துப் பூட்டினால்தான் நிற்கிறது. அந்தப் பூட்டு அமைப்புப் பக்கத்தின் முகப்பில் இல்லை, சந்தா விவரங்களுக்குள் போய்த் தேட வேண்டும்.